போஸ்டரில் இல்லாத பகவதி

போஸ்டர் வாட்ஸ்அப்பில் வந்தபோது பகவதி நெடுமங்காட்டுக் கடைக்காரர் ஒருவருக்கு மல்லி மூட்டைக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து. மேலே ராப் நிகழ்ச்சியின் பெயர், கீழே வரிசையாகப் பாடுகிறவர்களின் பெயர்கள். கடைசிக்கு முந்தின வரியில் அவளுடைய பெயர் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். எழுத்துப்பிழை இல்லை. அந்தச் சந்தோஷத்தில் மல்லிக்குப் பதிலாக மிளகாய் என்று அடித்துவிட்டாள்.

"மோளே, எனக்கு மல்லிதான் வேணும்" என்றார் கடைக்காரர்.

"சாரி சேட்டா" என்று பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு அடித்தாள். அடித்து முடித்ததும் மறுபடி போஸ்டரைப் பார்த்தாள்.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஆறுமுகநயினார் நடத்தும் மொத்த மசாலாக் கடை அது. வற்றல் மிளகாய், மல்லி, விரலி மஞ்சள், எல்லாம் விருதுநகரிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் லாரியில் வந்து இறங்கும். பி.காம். முடித்த கையோடு பகவதி அங்கே பில் போட உட்கார்ந்தவள். மிளகாய் நெடியில் குரல் கரகரத்துப் போயிருந்தது. கேட்கிறவர்கள் அது பாட்டுக்காக அவளே பழக்கிக்கொண்ட குரல் என்று நினைத்தார்கள். அவளும் மறுத்துச் சொல்வதில்லை.

அப்பா இசக்கிப்பாண்டி கொத்தனார். வள்ளியூருக்குப் பக்கத்து ஊரிலிருந்து சின்ன வயதிலேயே திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்கு வந்தவர். பிள்ளை தங்காமல் போய்க்கொண்டிருந்தபோது அம்மா கன்னியாகுமரிக்குப் போய்ப் பகவதி அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். பிறந்தது பெண். வேறு பெயரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பகவதி வளர்ந்ததெல்லாம் கரமனை ஆற்றங்கரையை ஒட்டிய லைன் வீடுகளில்தான். படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்தை அவளாகவே கற்றுக்கொண்டாள், கடை மூட்டைகளின் மேல் அச்சடித்திருக்கும் ஊர்ப்பெயர்களை எழுத்துக்கூட்டி. இன்றைக்கும் பாட்டு எழுதும்போது தமிழ் வரிகளை மலையாள எழுத்தில்தான் ஃபோனில் அடிப்பாள். அதுதான் அவளுக்கு வேகமாக வரும்.

ராப்புக்கு அவளை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. கல்லூரிக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மானவீயம் வீதியில் சில பையன்கள் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரை நடுவில் வைத்து வட்டமாக நின்று மாறி மாறிப் பாடுவார்கள். பகவதி பல வாரம் வட்டத்துக்கு வெளியே மரத்தடியில் நின்று கேட்டாள். எல்லாம் மலையாளம், நடுநடுவே ஆங்கிலம். ஒருநாள் ஒருவன் வரியை மறந்து திணறினான். பீட் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பொறுக்க முடியாமல் உள்ளே புகுந்து, வீட்டில் பேசுகிற மொழியில் வாய்க்கு வந்ததைத் தாளத்துக்குப் பொருத்திச் சொன்னாள். பாதிப் பேருக்குப் புரியவில்லை. ஆனால் கைதட்டினார்கள்.

அன்றைக்கு அந்த ஸ்பீக்கரைச் சுமந்து வந்தவன் கைலாஷ். கரமனை அக்ரகாரத்துப் பையன், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, பீட் செய்வதில் பைத்தியம். வரி மறந்து நின்றவன் ரெனி. வலியதுறைக் கடற்கரைக்காரன், மலையாளத்தில் பாடுபவன், நல்ல குரல், அதைவிட நல்ல சிரிப்பு. மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

ரெக்கார்டிங் முதலில் கைலாஷ் வீட்டு மாடியறையில்தான் நடந்தது. ஃபேனை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, அலமாரிக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டு, அதற்குள் தலையை நீட்டிப் பாட வேண்டும். வேர்த்துக் கொட்டும். ஆனால் பிரச்சினை வேர்வை இல்லை. அக்ரகாரத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர்.

ஒருநாள் கைலாஷின் அம்மா சுப்புலக்ஷ்மி காப்பி டம்ளர்களோடு மேலே வந்தாள். "பாட்டு நன்னாத்தான் இருக்குடி. அந்த ஒரு வார்த்தைய மட்டும் மாத்திப்பிடேன்."

"மாமி, அது கெட்ட வார்த்தை இல்ல. எங்க வீட்டுல சாதாரணமாச் சொல்லுறதுதான்."

"உங்காத்துல சொல்லுவேள், சரி. இங்க பக்கத்தாத்து மாமா மத்தியானம் கொஞ்சம் கண்ணசர்றவர். காதுல விழுந்தா நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுண்டு வாசலுக்குப் போறது?"

அந்த வார்த்தையை மாற்றினாள். அடுத்த பாட்டில் வேறு வார்த்தை வந்தது. அதையும் மாற்றச் சொன்னார்கள். கடைசியில் பகவதி தன் முதலாளியிடம் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடோன் சாவி தர முடியுமா என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"பாட்டு ரெக்கார்டிங், அண்ணாச்சி."

"கோயில் பாட்டா?"

"பாட்டுதான் அண்ணாச்சி."

ஆறுமுகநயினார் அதற்கு மேல் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். கூரைவரை அடுக்கிய சாக்கு மூட்டைகள் சத்தத்தையெல்லாம் குடித்துக்கொண்டன. கைலாஷ் ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு, "கொச்சி ஸ்டுடியோல கூட இவ்வளவு க்ளீனா வராது" என்றான். சொல்லி முடிக்கும் முன் தும்மினான். அதன்பின் அவன் தும்மல் நிற்கவே இல்லை. நல்லபடியாக வந்த டேக்குகளில் பாதி அவன் தும்மலில் போயிற்று. எப்படியோ அந்தக் குடோனில்தான் 'மிளகாய் மூட்டை' பிறந்தது. மலையாளிகள் தமிழர்களை இளக்காரமாகப் பாண்டி என்பார்கள்; பாட்டில் பகவதிக்குப் பிடித்த இடம் அதைப் பற்றித்தான்:

அங்க போனா மலையாளத்தி, இங்க வந்தா பாண்டி
எங்கப்பன் பேரே பாண்டிதாம்லே, எங்க போவ தாண்டி?

கவடியார் பக்கம் ஒரு கஃபேயின் பின்முற்றத்தில் நடக்கும் நிகழ்ச்சியில் அந்தப் பாட்டைப் பாடத்தான் அவளைப் போட்டிருந்தார்கள். நடத்துகிறவன் பிரபின். போஸ்டர் வந்த இரண்டாம் நாளே அவன் ஃபோன் வந்தது. பிரபினுக்குத் தமிழ் வராது. மலையாளத்தில்தான் பேசினான், பகவதியும் மலையாளத்திலேயே பதில் சொன்னாள்.

"பகவதீ, ஒரு சின்ன விஷயம். போஸ்டருக்குக் கீழ சிலபேர் கமென்ட் போட்டிருக்காங்க. ராப் பாடுறவளுக்குத் தேவி பேரான்னு. ஸ்பான்சர் கூப்பிட்டுச் சத்தம் போடுறாரு. உன் ஸ்டேஜ் நேமை ஒண்ணு மாத்திக்கலாமா?"

"அது ஸ்டேஜ் நேம் இல்ல சேட்டா. என் பேரே அதான்."

"ஒரிஜினலா?"

"ஆதார் கார்டுல இருக்கு. அனுப்பட்டா?"

"ஆதார் கார்டைப் போஸ்டர்ல ஒட்ட முடியாதுல்ல." அவன் சிரித்தான். "ரெண்டு மூணு பேர் யோசிச்சு வச்சிருக்கேன். எம்சி பி. இல்லேன்னா லேடி சில்லி. மிளகாய்க் கடைதானே, பொருத்தமா இருக்கும்."

பகவதி கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து தெருவுக்கு வந்தாள். "பகவதி ஸ்டோர்ஸ் இருக்கு. பகவதி லாட்டரி இருக்கு. பகவதின்னு பஸ் ஓடுது. அவங்ககிட்ட யாரும் பேரை மாத்தச் சொன்னாங்களா?"

"அவங்க யாரும் ராப் பாடலியே" என்றான் பிரபின். உண்மையாகவே விளக்குகிற குரலில்தான் சொன்னான். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் கைலாஷின் மாடியறையில் உட்கார்ந்தார்கள். பகவதி உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினாள்.

கைலாஷ் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். "கோச்சுக்காதே. பேரு முக்கியமா, பாட்டு முக்கியமா? ஒரு ஷோவுக்குத்தானே. அப்புறம் மாத்திண்டாப் போச்சு."

"அப்ப நீ உன் பேர மாத்து."

"என் பேருக்கு என்ன?"

"கைலாஷ்னா சிவன் இருக்கற எடம்தான? போஸ்டர்ல பீட் கைலாஷ்னு போட்டிருக்கு. உனக்கு ஒருத்தனாவது ஃபோன் செஞ்சானா?"

கைலாஷ் லேப்டாப்பின் மூடியைத் திறந்து மூடினான். ரெனி எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தான். "எடீ, நீ இல்லேன்னா நானும் இல்ல. நாளைக்கே பிரபின்கிட்ட சொல்லுறேன்."

அந்த ஒரு சொல்லில் அவளுக்குக் கோபம் பாதி இறங்கியது. மறுநாள் ரெனியே வேறு திட்டத்தோடு வந்தான். பிரபினிடம் பேசிவிட்டானாம். பகவதியின் பெயரை எடுத்துவிடுவார்கள், ஆனால் ரெனியின் நேரத்தில் அவளும் மேடையேறலாம். போஸ்டரில் 'ரெனியும் நண்பர்களும்' என்று வரும்.

"நீ வரமாட்டேன்னு சொல்லப் போறேன்னல்லா சொன்ன?"

"சொன்னா என்ன ஆகும்? ரெண்டு பேருக்கும் இல்லாம போகும். இப்படின்னா ரெண்டு பேரும் பாடலாம்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மறுக்க வேண்டும் என்று பகவதிக்குத் தோன்றியது. ஆனால் அவள் இதுவரை நல்ல மைக்கைக் கையில் பிடித்ததில்லை. பெரிய ஸ்பீக்கரில் தன் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அந்த ஆசை மானத்தைவிடப் பெரிதாக இருந்தது. சரி என்றாள். புது போஸ்டர் வந்தது. 'நண்பர்களும்' என்ற எழுத்து மிகப் பொடியாக இருந்தது.

நிகழ்ச்சி ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது. ஏழு மணிக்குத்தான் ஸ்பீக்கரே சரியானது. கொச்சியிலிருந்து வந்திருந்த ஒரு குழு, இறங்கச் சொல்லச் சொல்ல இறங்காமல் பாடிக்கொண்டே இருந்தது. நடுவே மழை தூறியது. மிக்ஸர் மேசையின் மேல் தார்ப்பாய் போட்டார்கள், எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள். போலீஸ் கொடுத்த நேரம் முடியப்போகிறது என்று பிரபின் கையைக் காட்டிக் காட்டி எல்லாரையும் விரட்டினான். பகவதி மேடைக்குப் பக்கவாட்டில், பாட்டைத் தனக்குள் சொல்லிச் சொல்லி, வாய் வறண்டு நின்றாள்.

ரெனி ஏறினான். இரண்டு பாட்டு பாடினான். ஒன்றோடு நிறுத்துவதாகத்தான் பேச்சு. இரண்டாவதை முடித்துவிட்டு வேர்வையைத் துடைத்தபடி மைக்கில் சொன்னான்: "இனி நம்ம ஒரு ஃப்ரெண்ட். தமிழ்ல. கேட்டுப் பாருங்க."

பகவதி மைக்கை வாங்கினாள். முழுப் பாட்டுக்கு நேரமில்லை, ஒரே ஒரு சரணம்தான் என்று கைலாஷ் பின்னாலிருந்து விரலைக் காட்டினான். பீட் விழுந்தது. தன் குரல் எதிர்ச்சுவரில் போய் மோதித் திரும்பி வருவதை அவள் முதல் தடவையாகக் கேட்டாள். கடையில், பஸ்ஸில், வீட்டில் எங்கேயும் அவ்வளவு பெரிதாக அவள் இருந்ததில்லை. பாண்டி என்ற வரி வந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் ஊளையிட்டார்கள். இரண்டாம் முறை அதே வரி வந்தபோது அவர்களும் கூடச் சேர்ந்து சொன்னார்கள். தமிழ் தெரியாத வாய்கள், அந்த வரியை மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டன.

முடிந்ததும் மூச்சை இழுத்து, "என் பேரு" என்று தொடங்கினாள். அதற்குள் அடுத்த குழுவின் இசை ஆரம்பித்துவிட்டது. டிஜே அவளைப் பார்க்கவில்லை. அவனுக்கு நேரம் முக்கியம். இன்னொரு மைக்கில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். பகவதி வாயைத் திறந்தபடியே இறங்கினாள்.

ஒரு கல்லூரிப் பையன் அந்தச் சரணத்தை ஃபோனில் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தான். இரண்டு நாளில் அது எங்கெங்கோ போயிற்று. தமிழர்களை அங்கே சொல்கிற வழக்கப்படி, மேலே மலையாளத்தில் எழுதியிருந்தான்: 'இந்த அண்ணாச்சிப் பெண் யாரு?' கீழே நூற்றுக்கணக்கில் கேள்விகள். யார் இவள், எந்த ஊர், பாட்டு எங்கே கிடைக்கும்? ஒருவர் தென்காசி என்றார். ஒருவர் இலங்கை என்று அடித்துச் சொன்னார்.

பகவதி தன் கணக்கிலிருந்து 'அது நான்தான்' என்று எழுதினாள். அவள் கணக்கின் பெயர் பகவதி. படம், சிவப்பு மிளகாய்க் குவியல். முதல் பதில் உடனே வந்தது: 'இது பக்திப் பேஜ்தானே?' அடுத்தவர் கைகூப்பும் பொம்மை போட்டு 'அம்மே சரணம்' என்றார். மூன்றாவது ஆள், 'கண்டவனெல்லாம் நான்தான்னு வருவான்' என்று திட்டினார். பகவதி ஃபோனை மல்லி மூட்டையின் மேல் எறிந்தாள். பிறகு ஸ்கிரீன் உடைந்துவிட்டதா என்று பயந்து எடுத்துப் பார்த்தாள்.

போஸ்டரில் இருந்தது ரெனியின் பெயர். அதனால் தேடியவர்கள் எல்லாரும் ரெனியிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவன் அந்த வீடியோவைத் தன் பக்கத்தில் போட்டு, 'அன்புக்கு நன்றி' என்று எழுதியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் பிடித்து வலியதுறைக்குப் போனாள். ரெனி கடற்கரை ரோட்டு டீக்கடையில் இருந்தான். அவளைப் பார்த்ததும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அன்றைக்கு அவளிடம் எடுபடவில்லை.

"எல்லாரும் உங்கிட்டதான் கேக்காங்க. என் பேரச் சொன்னியா?"

"டேக் பண்ணினேன்டீ. கமென்ட்ல."

"எத்தனாவது கமென்ட்?"

"அது கீழ போயிருக்கும். ஆளுங்க போட்டுட்டே இருக்காங்கல்ல."

"மேல எழுது. வீடியோக்கு மேல. இப்பவே எழுது, நான் பாக்கணும்."

ரெனி டீயைக் கீழே வைத்தான். "பகவதி, கொச்சியில ஒரு மியூசிக் லேபிள் எங்கிட்டப் பேசிட்டு இருக்கு. இந்த நேரத்துல பேர் பிரச்சினை, தேவி பிரச்சினை எல்லாம் என் பேஜ்ல வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும். நான் உள்ள போயிட்டா உன்னையும் கூப்பிடுவேன். சத்தியமா."

"நீ உள்ள போறதுக்கு என் சரணம் வேணும். என் பேரு வேண்டாம். அப்படித்தான?"

"நீ ஏன் எல்லாத்தையும் இப்படி எடுக்கிற?"

"வேற எப்படி எடுக்கணும்னு சொல்லு, அப்படி எடுக்கேன்."

அவன் டீயை மறுபடி எடுத்துக்கொண்டான். கடலைப் பார்த்தான். பகவதி டீக்கடையிலிருந்து இறங்கி, முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். அந்த வீடியோவுக்கு மேலே இன்றுவரை அவள் பெயர் ஏறவில்லை.

கைலாஷுக்கு உறுத்தியிருக்க வேண்டும். அவனாகவே கூப்பிட்டு, 'மிளகாய் மூட்டை'யை முழுசாக அவள் பெயரில் வெளியிடலாம் என்றான். பல நாள் ஆபீஸ் முடிந்து வந்து உட்கார்ந்து மிக்ஸிங் செய்தான். பாட்டை எல்லாச் செயலிகளுக்கும் அனுப்பிவைக்கும் ஒரு இணைய நிறுவனத்தில் ஏற்றினான். பாடியவர் என்ற இடத்தில் 'பகவதி' என்று மட்டும் போட்டான். வெள்ளிக்கிழமை காலையில் பாட்டு வெளியாகும் என்று மெயில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பாட்டு வெளியாகத்தான் செய்தது. அதே பெயரில் ஏற்கெனவே ஒரு பக்திப் பாடகி இருந்தார். கம்ப்யூட்டர் இரண்டு பேரையும் ஒரே ஆளாக நினைத்து, பாட்டைக் கொண்டுபோய் அந்த அம்மாவின் பக்கத்தில் சேர்த்துவிட்டது. மேலே தேவி ஸ்துதி, கீழே விளக்குப் பூஜைப் பாட்டு, நடுவில் மிளகாய் மூட்டை.

மதியத்துக்குள் புகார்கள் குவிந்தன. ஒரு பெண்மணி எழுதியிருந்தார்: 'காலையில் விளக்கேற்றிப் பாட்டு வைத்தேன். நாலாவதாக எவளோ ஒருத்தி பாண்டி, தாண்டி என்று கத்துகிறாள். என் மாமியார் பயந்துவிட்டார்.' சாயங்காலத்துக்குள் பாட்டை எடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷ உழைப்பு, ஒரு பகல்கூட முழுசாக நிற்கவில்லை.

கைலாஷ் அந்த நிறுவனத்துக்கு மெயில் போட்டான். உங்கள் பொறுமைக்கு நன்றி என்று பதில் வந்தது. மறுபடி போட்டான். மறுபடியும் அதே வரி, கீழே வேறு பெயர். மூன்றாவது பதிலை அவன் வாசித்துக் காட்டியபோது பகவதி கத்தினாள்: "நான் எங்கடா பொறுமையா இருக்கேன்? எவன் சொன்னான் அவனுக்கு?"

கீழேயிருந்து சுப்புலக்ஷ்மி, "மெதுவாடி, பக்கத்தாத்து மாமா எழுந்துண்டுடுவார்" என்றாள்.

ஒன்றரை மாதம் இழுத்தது. கடைசியில் யாரோ ஒரு மனுஷன் நிஜமாகவே படித்துவிட்டுப் பதில் போட்டான். வேறு யாருக்கும் இல்லாத பெயராகக் கொடுத்தால் தனிப் பக்கம் தருவார்களாம்.

"பேசாம அந்த லேடி சில்லியையே..." என்று கைலாஷ் ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

"பகவதி இசக்கிப்பாண்டின்னு போடு" என்றாள். "இது உலகத்துல வேற எவளுக்கும் இருக்காது."

பாட்டு மறுபடி வெளியானபோது அந்த வீடியோவின் சூடு எப்போதோ ஆறிப்போயிருந்தது. தேடினவர்கள் வேறு எதையோ தேடப் போய்விட்டார்கள். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கேட்டவர்களில் ஒருவன் அப்பாவோடு வேலை பார்க்கும் பையன். அவன் போய்ச் சொல்லியிருக்கிறான். ஒரு மத்தியானம் இசக்கிப்பாண்டி கை கால் சிமென்டைக் கழுவிவிட்டு வந்து சோற்றுக்கு உட்காரும் முன் கேட்டார்.

"ஏட்டி, நீ படிச்ச பாட்டுல எம்பேரு வருதாமே?"

"ஆமாப்பா."

"கேஸு கீஸு ஒண்ணும் வராதுல்லா?"

"வராதுப்பா. நம்ம பேருதான, எவன் கேஸு போடுவான்?"

"போடு பாப்போம்."

இத்தனை வருஷத்தில் அவர் அவள் பாட்டைக் கேட்டதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. மகள் ஏதோ பாட்டுப் படிக்கிறாள், வேலைக்கும் போகிறாள், அவ்வளவுதான் அவருக்கு. இப்போது ஃபோனைக் காதோடு ஒட்டிவைத்து, கண்ணை மூடி, முழுசாகக் கேட்டார். முடிந்ததும், "அந்த எடத்த இன்னொரு தடவ போடு" என்றார். போட்டாள்.

"இந்தப் பாண்டின்னு சொல்லுறது... உன்னையா சொன்னானுவ?"

"பள்ளிக்கூடத்துல சொல்லுவானுவ."

"நீ எங்கிட்டச் சொல்லவே இல்லியே."

"சொல்லி? உம்பேரும் அதான. எப்படிச் சொல்ல?"

அவர் ஃபோனைத் திருப்பி அவளிடம் கொடுத்தார். "நான் இங்க வந்த புதுசுல சைட்ல எல்லாவனும் என்னைய பாண்டி, பாண்டின்னுதான் விளிப்பான். பேரச் சொல்லி விளிக்கானுவ, நல்ல மனுஷனுவன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு நாளு முருகேசன்னு ஒருத்தன் வேலைக்கு வந்தான். அவனையும் பாண்டின்னு விளிச்சானுவ. அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

"நீ என்ன செஞ்ச?"

"என்ன செய்ய? கலவை காஞ்சிரும்லா. வேலையப் பாத்தேன்."

 பகவதிக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஏதாவது திருப்பிச் சொல்லியிருக்கலாமே, ஒரு வார்த்தையாவது. அதை அவரிடம் கேட்க முடியவில்லை. போஸ்டரில் பெயரை எடுக்க அவள் சம்மதித்ததும் நினைவுக்கு வந்தது. அம்மா சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா பிசைந்துகொண்டே, "பாட்டு நல்லாருக்கு. அந்த டும் டும்னு அடிக்கதுதான் ஜாஸ்தி. நீ சொல்லுறது சரியாக் கேக்கல" என்றார்.

அதன்பின் கைலாஷுக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்தது. வாரத்துக்கு ஒன்று என்று அங்கிருந்து பீட் அனுப்புவதாகச் சொன்னான். மாதத்துக்கு ஒன்று வந்தது. ரெனி கொச்சிக்குப் போனான். லேபிளில் அவனுடைய முதல் பாட்டு வந்தது, பஸ் ஸ்டாண்டுகளில்கூட ஒலித்தது. அவன் கூப்பிடவில்லை. பகவதி எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவாள்.

ஒருநாள் அப்படி எடுத்தபோது பிரபின். குரலில் தேன் ஒழுகியது.

"பகவதீ, சுகம்தானே? டிசம்பர்ல பெரிய ஷோ பண்ணுறோம். அந்தத் தமிழ்ப் பெண் எங்கன்னு ஆளுங்க இப்பவும் கேக்கிறாங்க. நீ கண்டிப்பா வரணும்."

"பேரு என்னன்னு போடுவீங்க?"

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். அந்த வரி ஹிட்டாச்சுல்ல? அதையே வச்சு, 'பாண்டி கேர்ள்'னு போடலாம். நல்லா ஏறும். ஸ்பான்சருக்கும் பிடிச்சிருக்கு."

கடையில் லாரி வந்து நின்றிருந்தது. மூட்டை இறக்குகிறவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். பகவதி ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். இந்தத் தடவை தெருவுக்கு எழுந்து போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"பகவதி இசக்கிப்பாண்டி. முழுசாப் போட்டா வாறேன்."

"அவ்வளவு நீளமா? போஸ்டர்ல இடம் வேண்டாமா?"

"எழுத்தச் சின்னதாக்குங்க. போன தடவ 'நண்பர்களும்'னு போட்டீங்கல்லா, அந்த சைஸ் போதும்."

பிரபின் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான். "ஸ்பான்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கூப்பிடுறேன்."

கூப்பிடவில்லை. நவம்பர் கடைசியில், அவள் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இருந்தபோது, போஸ்டர் யாரோ ஒருவரின் ஸ்டேட்டஸில் வந்தது. முதல் பெயர் ரெனி. மூன்றாவதாகச் சென்னையிலிருந்து ஒரு பெண். தமிழ் ராப் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. பகவதி அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து, இயர்ஃபோனை மாட்டி, அவள் பாட்டை முழுசாகக் கேட்டாள். எங்கேயாவது சறுக்குவாள் என்று காத்திருந்து கேட்டாள். எங்கேயும் சறுக்கவில்லை. நன்றாகத்தான் பாடியிருந்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பஸ் கிள்ளிப்பாலம் சிக்னலில் நின்றது. பகவதி ஃபோனில் தன் புதுப் பாட்டைத் திறந்தாள். மூன்று வாரமாகக் கட்டிவைத்த முதல் நாலு வரியையும் படித்துப் பார்த்தாள். சென்னைப் பெண்ணின் பாட்டுக்குப் பக்கத்தில் அவை நிற்காது என்று பட்டது, அத்தனையையும் அழித்தாள். பக்கத்தில் நின்ற அம்மாள், "மோளே, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றாள். தள்ளி உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள்.